தாழங்குறிச்சியின் நடுக்குடி

கடலுக்கும் வறண்ட கண்மாய்களுக்கும் இடையே, மழை வந்தால் வரட்டும் வராவிட்டால் போகட்டும் என்று எல்லாரும் கைவிட்ட மண்ணில் கிடக்கிற எங்கள் தாழங்குறிச்சி வட்டத்தில், அறுபத்து மூன்று ஊர்களும் அவற்றில் பதினெட்டாயிரத்துச் சொச்சம் குடும்பங்களும் இருந்த காலத்தில், வருஷம் தவறாமல் பங்குனிக் கடைசித் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஒரே ஒரு குடும்பம் நின்றுபோகும். எந்தக் குடும்பம் என்பதில் ஒளிவுமறைவு எதுவும் கிடையாது. தாலுகா ஆபீசில் புள்ளிவிவரம் எடுக்கிறவர் வீடு வீடாகப் போய் வருஷ வருமானத்தை எழுதிக்கொண்டு வந்து, எல்லாக் குடும்பங்களையும் ஆகக் குறைந்ததிலிருந்து ஆக அதிகம் வரை வரிசையாக அடுக்கி, சரியாக நடுவில் நிற்கிற குடும்பத்தின் தொகையை எடுத்து, இதுதான் இந்த வட்டத்தின் இடைநிலைக் குடும்ப வருமானம் என்று ஆபீஸ் வாசலில் நின்று வாசிப்பார். வாசித்த நொடியில் அந்த நடுக்குடி நின்றுபோகும். எதனால் அப்படி என்று முதல் ஒரு வாரம் பேசினோம். பிறகு மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டோம்.

நின்றுபோவது என்றால் செத்துப்போவது இல்லை. அந்த வீட்டில் அடுத்த பங்குனி வரை எதுவும் கூடாது, எதுவும் குறையாது, அவ்வளவுதான். பானையில் மூன்று படி அரிசி இருந்தால் தினமும் பொங்கித் தின்றாலும் விடிந்தால் மூன்று படிதான் இருக்கும். கூலிக்குப் போய்க் கொண்டுவந்த காசு பொழுது சாய்வதற்குள் எப்படியோ கரைந்திருக்கும். நகம் வளராது, தலை நரைக்காது, ஆடு சினைப்படாது, தொட்டில் பிள்ளை குப்புற விழாது, வாசல் முருங்கை ஓர் இணுக்குக்கூடக் கூடுதலாய்த் துளிர்க்காது. முதல் வருஷம் மேலக்கரையில் ஓர் உப்பளக்காரர் வீடு நின்றபோது, உட்கார்ந்து தின்ன ஒரு வருஷம் கிடைத்ததே என்று நாங்கள் வயிறெரிந்தோம். நானும்தான் எரிந்தேன், மறைப்பானேன்.

வயிற்றெரிச்சல் நாலாம் வருஷம் அடங்கியது. அந்த வருஷம் நின்றுபோன வீட்டுக்காரனை அன்று காலை ஒன்பதரைக்குத் தேள் கொட்டியிருந்தது. கடுப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மருந்து, மந்திரம், மதுரை ஆஸ்பத்திரி எல்லாம் பார்த்தும் ஒரு வருஷம் முழுக்க அந்த ஆள் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தான், அடுத்த பங்குனித் திங்கள் பத்து மணிக்குத்தான் வலி இறங்க ஆரம்பித்தது. ஏழாம் வருஷம் எங்கள் ஊரிலேயே பஞ்சவர்ணம் என்கிற பிள்ளைத்தாய்ச்சியின் வீடு. அவளுக்கு அன்று விடிகாலையில் இடுப்பு வலி கண்டிருந்தது. அதை நான் விவரிக்கப் போவதில்லை. அடுத்த வருஷம் பிள்ளை உயிரோடு பிறந்தது, தாயும் பிழைத்தாள், ஆனால் அதற்குப் பிறகு அவள் யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதிலிருந்து பங்குனிக் கடைசித் திங்களை நடுநாள் என்று சொல்லி, நல்ல நாள் பெரிய நாளைப்போல நாங்கள் அனுசரிக்கத் தொடங்கினோம். முந்தின வாரமே சொத்தைப் பல்லைப் பிடுங்கிவிடுவோம், காலில் முள் இருந்தால் எடுத்துவிடுவோம், பேச்சுவார்த்தை அறுந்த பங்காளிகளோடு ஒப்புக்காவது ஒரு வார்த்தை பேசிவிடுவோம். அன்று காலையில் அறுபத்து மூன்று ஊர்களிலும் எண்ணெய் தேய்த்துக் குளித்து, வயிறார இட்லி தின்று, ஒன்பதே முக்காலுக்கெல்லாம் குடும்பத்தோடு நடுவாசலில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சிரிப்புக் காட்டிக்கொண்டிருப்போம், ஏனென்றால் பத்து மணிக்கு என்ன மனசோடு இருக்கிறோமோ அந்த மனசோடுதான் ஒரு வருஷம் இருந்தாக வேண்டும். அந்தச் சிரிப்பை வெளியூர்க்காரர்கள் பார்த்தால் பயந்துவிடுவார்கள்.

புள்ளிவிவரம் எடுக்கிறவருக்கு இன்னாசிமுத்து என்று பெயர், கடற்கரைப் பக்கத்து ஆள், அப்போது முப்பது வயது இருக்கும். நாம் சொல்கிற தொகையை அவர் அப்படியே எழுதிவிட மாட்டார். கூரையைப் பார்ப்பார், ஆட்டை எண்ணுவார், மிளகாய் எத்தனை மூடை என்பார், பூட்டிய வீடானால் பக்கத்து வீட்டில் விசாரிப்பார், பிறகு ஒரு மதிப்புப் போட்டு எழுதுவார். அவர் எழுதியதுதான் வருமானம். நடுக்குடியைப் பிடித்த அது, அது எதுவாக இருந்தாலும், அவருடைய நோட்டைத்தான் பார்த்தது. சம்பாத்தியம் எவ்வளவு என்று யாராவது கேட்டால் ஏதோ கஞ்சிக்குப் போகுது என்று பாதியை விழுங்கிச் சொல்வதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். நடுக்குடிப் பயம் வந்த பிறகு பாதிப்பேர் இன்னும் குறைத்து அழுதார்கள், பாதிப்பேர் இல்லாத பவிசைக் காட்டிப் பக்கத்து வீட்டு மாட்டைத் தன் கொட்டிலில் கட்டினார்கள். நடுவில் நிற்க யாருக்கும் மனசு இல்லை.

நான் சுவர் எழுதுகிறவன். வருஷா வருஷம் வாசித்த தொகையை எங்கள் ஊரான உப்புவயலில் ரேஷன் கடைச் சுவரில் எழுதுவது என் வேலை. முப்பத்தெட்டாயிரத்தில் ஆரம்பித்துப் பத்தாம் வருஷம் அறுபத்தொன்பதாயிரத்தில் நின்ற அந்த வரிசைக்கு முன்னால் மத்தியானம் முழுக்க ஆட்கள் நின்றுகொண்டு, மழை பெய்த வருஷம் இவ்வளவு ஏறியது, பொய்த்த வருஷம் இவ்வளவுதான் ஏறியது, அப்படியானால் வருகிற வருஷம் எவ்வளவு என்று கணக்குப் போடுவார்கள். பதினோராம் வருஷம் எல்லார் வாயிலும் ஒரே தொகைதான்: எழுபத்திரண்டாயிரத்து ஐந்நூறு.

என் வீட்டுக்கு எதிர்வீடு வழிவிட்டான் வீடு. கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவன். பொண்டாட்டி சேதுராணி மிளகாய்க் கமிஷன் கடையில் காம்பு கிள்ளுகிறவள். கூட அவன் தாய் ராக்கம்மாள், வாய் கொஞ்சம் நீளம். மூன்று பேர் வருமானமும் சேர்ந்து எழுபத்திரண்டாயிரத்து நானூறு. எல்லாரும் சொன்ன தொகைக்கு நூறு ரூபாய் தள்ளி. சேதுராணிக்கு அப்போது எட்டு மாசம். ஒன்பது வருஷத்தில் இரண்டு கலைந்து, மூன்றாவதாகத் தங்கியது. டாக்டரம்மா எழுதிக்கொடுத்த தேதி நடுநாளுக்கு மறுநாள். அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்து அவள் நேரே பஞ்சவர்ணத்தின் வீட்டுக்குப் போய், படியேறாமல் வாசலோடு திரும்பிவந்ததை நான் பார்த்தேன்.

வழி சொன்னது ராக்கம்மாள்தான். ஒரே அடுப்பில் பொங்கித் தின்கிறவர்கள் ஒரு குடும்பம் என்பது சர்க்கார் சட்டம். அடுப்பு இரண்டானால் குடும்பம் இரண்டு. தான் கொல்லையில் தனி உலை வைத்துக்கொள்வதாகவும், முதியோர் பணம் பன்னிரண்டாயிரம் தன் கணக்கில் போய்விட்டால் மகன் வீட்டுக்கு அறுபதாயிரத்து நானூறுதான் மிஞ்சும், எழுபத்திரண்டு எங்கே அறுபது எங்கே என்றும் கிழவி கணக்குச் சொன்னாள். மருமகளை ஒன்பது வருஷமாகக் கரித்துக்கொட்டியவள் அவளுக்காகக் கொல்லை வெயிலில் போய் மண் அடுப்புப் போட்டாள். இன்னாசிமுத்து வந்து இரண்டு அடுப்பையும் பார்த்து, இரண்டு குடும்பமாக எழுதிக்கொண்டு போனார். சேதுராணிக்கு நல்ல தூக்கம் வந்தது.

அந்தத் தூக்கம் நடுநாளுக்கு முந்தின நாள் காலையில் குழாயடியில் போனது. எங்கள் ஊர்க் குழாயில் அடுப்புக்கு ஒரு குடம் என்பது முறை. நாற்பது குடம் நிற்கிற வரிசையில் அன்று அறுபதுக்கு மேல் நின்றது, கடைசியில் சேர்ந்ததெல்லாம் கிழவன் கிழவிகளின் குடம். கூட நின்ற பெண்களைக் கேட்டால், எங்க மாமியாளும் தனி உலைதான், எங்க அப்பாவும் தனி உலைதான் என்றார்கள். அறுபத்து மூன்று ஊர்களிலும் ராக்கம்மாளுக்குத் தோன்றியதுதான் எல்லாக் கிழவிக்கும் தோன்றியிருந்தது. சேதுராணி குடத்தை வைத்துவிட்டு வரிசையைப் பார்த்தாள். வால் நீண்டால் நடுக்குடம் பின்னால் நகரும். தான் எவ்வளவு தள்ளி நின்றால் என்ன, முன்னால் எத்தனை பின்னால் எத்தனை என்பதுதானே நடு. பன்னிரண்டாயிரம் வருமானத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அடியில் புதிதாகச் சேர்ந்திருந்தால், பத்து வருஷமாக ஏறிக்கொண்டே வந்த தொகை இந்த வருஷம் இறங்கும், அது இறங்கி எங்கே வந்து நிற்கும் என்று நினைத்தவள் குடத்தை வரிசையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் விடிந்ததும் மூன்று பேரும் முதல் பஸ்ஸில் தாலுகா ஆபீசுக்கு வந்துவிட்டார்கள். அதே பஸ்ஸில் பெயிண்டு டப்பாவோடு நானும் போனேன், தொகைச் சீட்டு வாங்க. பட்டியல் பத்து மணிக்கு மூடுகிற வரை திறந்துதான் இருக்கும் என்பதால் இன்னாசிமுத்து அவர்களை விரட்டவில்லை. மொத்தம் இருபத்தோராயிரத்து எண்ணூற்று எழுபத்து மூன்று குடும்பம், நடுவில் நிற்பது பத்தாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாவது என்று விரலை வைத்துக்கொண்டே போனவர், அங்கே வந்ததும் விரலை எடுக்காமல் சேதுராணியின் வயிற்றைப் பார்த்தார். அறுபதாயிரத்து நானூறு. அவர்கள்தான்.

கிழவியைத் திரும்பச் சேர்த்து எழுதுங்கள் என்று வழிவிட்டான் காலில் விழுந்தான். பதிந்த குடும்பத்தை நீக்க வேண்டுமானால் தாசில்தார் கையெழுத்து வேண்டும், அவர் நடுநாள் என்றாலே குடும்பத்தோடு வெளி மாவட்டத்துக்குப் போய்விடுகிற ஆள். புதிதாகச் சேர்ப்பதானால் தன் கையெழுத்தே போதும், ஆனால் நீக்க முடியாது என்றார் இன்னாசிமுத்து. அப்போது மணி ஒன்பது பத்து. சேதுராணி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப சேருங்க சார்," என்றாள். "என்னையும் இவுகளையும் பிரிச்சு எழுதுங்க. நான் தனி உலை."

புருஷனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்னாசிமுத்து நோட்டை மூடிவைத்துவிட்டு, நீ அவனை விட்டுப் பிரிந்தால் குடும்பம் இருபத்தோராயிரத்து எண்ணூற்று எழுபத்து நாலாகும், இரட்டைப்படை, இரட்டைப்படையில் நடுவில் யாரும் நிற்க முடியாது, இரண்டு வீட்டுத் தொகையைக் கூட்டி இரண்டால் வகுத்து யாருடையதும் இல்லாத ஒரு தொகையைத்தான் வாசிக்க வேண்டும் என்றார். அதுவரை பத்து வருஷமும் ஒற்றைப்படையாகவே வந்திருந்தது, அது ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. யாருடையதும் இல்லையென்றால் நல்லதுதானே என்றாள் சேதுராணி.

"அது எங்க போயி விழும்னு எனக்குத் தெரியாது, தங்கச்சி," என்றார் அவர். "எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கு அதைவிடப் பயமா இருக்கு சார்."

ஆனாலும் மனிதர் சட்டத்தை விடவில்லை. அடுப்பைக் கண்ணால் பார்க்காமல் எழுதமாட்டேன், உலை கொதித்தால்தான் குடும்பம் என்றார். ஆபீஸ் வளாகத்துப் புங்க மரத்தடியில் ராக்கம்மாள் மூன்று செங்கல்லை வைத்தாள், டீக்கடையில் ஒரு தூக்குவாளியும் ஒரு பிடி அரிசியும் இரவல் வாங்கினோம், வழிவிட்டான் பொறுக்கிவந்த சுள்ளியைக் கிழவி வாங்கிக் கொடுக்க, தனிக்குடும்பம் என்றால் புருஷன் கை படக்கூடாது என்பதால் சேதுராணியே தீக்குச்சி கிழித்தாள். சுள்ளி ஈரம். புகைந்ததே தவிரப் பற்றவில்லை. மாமியார் குனிந்து ஊதினாள், மருமகள் முட்டியை ஊன்றி ஊதினாள், ஒன்பது நாற்பதுக்கு அவளுக்கு முதல் வலி வந்தது. அவள் கத்தவில்லை, ஊதுவதை நிறுத்தவும் இல்லை. வாசலில் கூட்டம் சேர்ந்திருந்தது, நடுநாள் வழக்கப்படி எல்லாரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள், அந்தச் சிரித்த முகங்களுக்கு நடுவே ஒருத்தி தண்ணீர் எப்போது கொதிக்கும் என்று பார்த்துக்கொண்டு வலியில் மண்ணைப் பிறாண்டிக்கொண்டிருந்தாள். ஒன்பது ஐம்பத்தேழுக்கு அரிசி மேலே வந்து புரண்டது. இன்னாசிமுத்து எட்டிப் பார்த்து, காம்பு கிள்ளுகிற வருமானம் இருபத்தாறாயிரம் என்று அவள் பெயருக்கும், மிச்சம் முப்பத்து நாலாயிரத்து நானூறு என்று அவன் பெயருக்கும் எழுதி, வகுத்து, ஓடிப்போய் வாசித்தார்.

"அறுபதாயிரத்து இருநூறு."

எந்த வீடும் நிற்கவில்லை. அறுபத்து மூன்று ஊர்களிலும் அரிசி குறைந்தது, நகம் வளர்ந்தது. அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேதுராணிக்குப் பெண் குழந்தை பிறந்தது, சுபிக்ஷா என்று பெயர் வைத்தார்கள். நாங்கள் வெடி போட்டோம். ஊர்க்கூட்டம் கூடி, இனி எந்த வருஷமும் ஒற்றைப்படை வரக்கூடாது, அப்படி வருகிற மாதிரி இருந்தால் முறை வைத்து ஒரு வீடு அடுப்பைப் பிரித்து இரட்டையாக்கிவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். அறுபத்து மூன்று ஊரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுதான் முதலும் கடைசியும்.

அது எங்கே போய் விழுந்தது என்று தெரிய மூன்று வருஷம் ஆனது. சுவரில் நான் அடுத்த வருஷமும் அறுபதாயிரத்து இருநூறு என்றுதான் எழுதினேன், அதற்கடுத்த வருஷமும் அதேதான். விலைவாசி ஏறியது, மிளகாய் விலை ஏறி இறங்கியது, ஆட்கள் பிறந்தார்கள் செத்தார்கள், நடுத்தொகை மட்டும் அப்படியே நின்றது. விழ வீடு கிடைக்காமல் அது இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியிலேயே விழுந்து, அந்தக் கோட்டையே நிறுத்திவிட்டிருந்தது. கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் மேலே வர முடியவில்லை. மேலே இருந்தவர்கள் கீழே விழவில்லை. ராக்கம்மாள் இறந்த வருஷம் சேதுராணியும் வழிவிட்டானும் மறுபடி ஒரே அடுப்பில் சேர்ந்தார்கள். இரண்டு வருமானமும் சேர்ந்தால் அறுபதாயிரத்து நானூறு, கோட்டுக்கு இருநூறு ரூபாய் மேலே. ஒரே வாரத்தில் ஓர் ஆடு செத்துக் கணக்கைச் சரிசெய்தது.

என் வீடு மேலே. தேர்தலுக்குச் சுவர் எழுதும்போது சாரம் சரிந்து விழுந்தேன், அடியில் வைக்கோல் வண்டி நின்றது. பஞ்சம் வந்த வருஷம் மாமனார் சொத்தில் பங்கு வந்தது. அதனால் எனக்கு அந்த இருபது வருஷத்தில் ஒரு குறையும் இல்லை, இரட்டைப்படைத் தீர்மானத்தை ஒவ்வொரு கூட்டத்திலும் முதலில் கை தூக்கி ஆதரித்தவன் நான். கீழே இருந்தவர்களும் கை தூக்கினார்கள், அவர்களுக்குப் பஞ்சவர்ணம் ஞாபகம் இருந்தது. ஆனால் கீழே இருந்த வீட்டில் யாராவது ஒருத்தர் கூடுதலாகக் கொண்டுவந்தால் கூடுதலாக வந்த அளவுக்கு ஏதோ ஒன்று போனது. ஆயிரம் வந்தால் ஓர் ஆடு. பத்தாயிரம் வந்தால் ஒரு கூரை. எங்கள் தெருக் குருவம்மாள் மகன் வெளிநாட்டுக்குப் போய் மாசம் முப்பதாயிரம் என்று முதல் சம்பளம் அனுப்பினான், அந்த வீட்டில் அவ்வளவு பெறுமானத்துக்கு எடுக்க எதுவும் இல்லை, இரண்டாம் மாசம் அவனையே எடுத்துக்கொண்டது. பெட்டியில் வந்தான்.

சுபிக்ஷா அந்தப் பெட்டியைப் பார்த்தபோது பத்தாம் வகுப்பு. நன்றாகப் படித்தாள், நர்ஸ் படிப்பு முடித்தாள், இருபது வயதில் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மாசம் பதினெட்டாயிரம் என்று உத்தரவு வந்தது, நடுநாள் கழிந்து ஏப்ரல் பதினைந்தாம் தேதி சேர வேண்டும். பங்குனி பிறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. ஊரே இனிப்புக் கேட்டது. சேதுராணி உத்தரவை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு வீட்டைச் சுற்றி வந்து பார்த்தாள்: ஏழு ஆடு, ஒரு சைக்கிள், ஓட்டுக்கூரை, கரிமூட்டத்தில் பாதி நுரையீரலை விட்டுவிட்ட புருஷன். எல்லாம் சேர்த்தாலும் மகளின் வருஷச் சம்பளம் இரண்டு லட்சத்துச் சொச்சத்துக்கு ஈடாகாது. போகாதே என்று மகளிடம் சொன்னாள். காரணமும் சொன்னாள், தான் புங்க மரத்தடியில் செய்ததையும் முதல் தடவையாகச் சொன்னாள். மகள் கேட்டுவிட்டு, நான் போறேன்மா என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு நடந்தது எங்களில் யாருக்கும் தெரியாது. இன்னாசிமுத்து பிற்பாடு சொன்னதுதான். ஏப்ரல் கடைசியில் ஓய்வு பெற இருந்த மனிதரை அவருடைய ஆபீசில் போய்ப் பார்த்துச் சேதுராணி நாற்காலியில் உட்கார்ந்தாளாம்.

"அதுக்கு விழ ஒரு வீடு கிடைக்கல சார். அதான் எல்லார் தலையிலயும் உக்காந்திருக்கு. ஒரு வீடு குடுத்தா எறங்கிரும்."

புருஷனையும் மகளையும் ஒரு குடும்பமாக விட்டுவிட்டுத் தான் மட்டும் தனிக்குடும்பமாகி, சரியாக அறுபதாயிரத்து இருநூறு ரூபாய் வருமானத்தில் நின்றுகொண்டால், மேலேயும் கீழேயும் சரிபாதியாகப் பிரிந்து தான்தான் நடு என்று அவள் கணக்குக் கொண்டுவந்திருந்தாள். இருபது வருஷமாக அந்தக் கணக்கு அவருக்குத் தோன்றாமல் இல்லை, தோன்றியது, யாரைப் போய்க் கேட்பது என்று சும்மா இருந்துவிட்டார். ஆனால் காம்பு கிள்ளி அவளுக்கு வருவது நாற்பத்தோராயிரம்தான். இன்னும் பத்தொன்பதாயிரத்து இருநூறு வேண்டும். அவருடைய படிவத்தில் சொந்த உபயோகத்துக்குச் சேகரித்தது என்று ஒரு கட்டம் உண்டு, முப்பது வருஷமும் எந்த வீட்டுக்கும் அதை அவர் நிரப்பியதில்லை, யாரும் நிரப்பமாட்டார்கள். அன்று பேனாவை எடுத்து, தினம் எத்தனை குடம் தண்ணீர், எத்தனை சுமை விறகு, ஆட்டுக்கு எத்தனை கட்டுத் தழை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு விலை போட்டார். கட்டம் நிரம்பியதும் தொகை சரியாக வந்தது, ஒரு ரூபாய்கூட அவர் இட்டுக்கட்ட வேண்டியிருக்கவில்லை.

நடுநாள் காலை ஒன்பதே முக்காலுக்கு வழக்கம்போல என்னிடம் சீட்டைக் கொடுத்தார். தொகை அறுபதாயிரத்து இருநூறு, அதில் மாற்றம் எதுவும் இல்லை. நான் எப்போதும் பார்க்கிற இடத்தைப் பார்த்தேன், மொத்தக் குடும்பத்தின் கடைசி எண்ணை. இருபத்து மூவாயிரத்து நானூற்றுப் பதினேழு. ஏழு. ஒற்றைப்படை. வாசலில் இருநூறு பேர் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள், ஒரு சத்தம் போட்டால் போதும், எவனாவது ஒருத்தன் அங்கேயே மூன்று கல்லை வைத்து உலையேற்றி இரட்டையாக்கிவிடுவான், என் வீடு மேலேயே இருக்கும். வாயைத் திறந்துகொண்டுதான் திரும்பினேன். புங்க மரத்தடியில் சேதுராணி ஓர் அடுப்புக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தாள். வழிவிட்டான் பத்தடி தள்ளி நின்றான். அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து சுபிக்ஷா தாய்க்கு எண்ணெய் தடவித் தலை சீவிக்கொண்டே, ஆஸ்பத்திரிக் கதை ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள். சேதுராணி என் கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பெயிண்டரண்ணே," என்றாள், "பத்து நிமிஷந்தான்."

நான் வாயை மூடிக்கொண்டேன். நல்லவன் என்பதால் மூடிக்கொண்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம், அந்தப் பெண்ணின் முன்னால் கத்த வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். மணி பத்தாவதற்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது, அவர்களுக்குள் பேசிவைத்தபடி, சுபிக்ஷா சீப்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து அப்பா பக்கத்தில் போய் நின்றாள், வேறு குடும்பம் இல்லையா. அதுவரை சேதுராணி சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், வயிறு நிறைந்திருந்தது, உடம்பில் எந்த வலியும் இல்லை, எல்லாம் ஒழுங்காகவே செய்திருந்தார்கள். மகள் விலகிப் போய் நின்ற அந்தப் பத்தடியைப் பார்த்தபோது, இது தப்பாகப் போய்விட்டால் என்று அவளுக்கு ஒரு பயம் வந்தது. வாசலில் இன்னாசிமுத்து வாசிக்க ஆரம்பித்திருந்தார். அவள் சிரிப்பைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தாள், உதடு வந்தது, கண் வரவில்லை, அதற்குள் அவர் வாசித்து முடித்துவிட்டார்.

சுபிக்ஷா மதுரைக்குப் போய் ஏழு மாசம் ஆகிறது. ஏழு சம்பளம் வாங்கிவிட்டாள். ஆடு ஏழும் உயிரோடு இருக்கின்றன, வழிவிட்டான் இருமிக்கொண்டு தானே பொங்கித் தின்கிறான், கூரை கூரையாகத்தான் இருக்கிறது. குருவம்மாளின் இளைய மகன் ஆட்டோ வாங்கி ஓட்டுகிறான், கீழே இருந்து எத்தனையோ வீடு மேலே வந்துவிட்டது, மேலே இருந்த சில வீடுகள் இறங்கிவிட்டன, அதில் என்னுடையதும் ஒன்று. வருகிற பங்குனியில் சுவரில் வேறு தொகை எழுதுவேன் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

எதிர்வீட்டுச் சுவரை ஒட்டி இறக்கிய சாய்ப்பில் சேதுராணி தனியாக இருக்கிறாள். தினம் காலையில் மகள் போன் செய்து, நான் நல்லா இருக்கேன்மா, அப்பா நல்லா இருக்காரு, ஒண்ணும் ஆகலம்மா என்று நிதானமாகச் சொல்கிறாள். சரிடி, தெரியுதுடி என்கிறாள் சேதுராணி. அவளுக்குத் தெரிகிறது, நம்புகிறாள், நம்பிக்கொண்டே, ஒன்றும் ஆகலையே என்று மறுபடி கேட்கிறாள். அந்தப் பயம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, இன்னும் ஐந்து மாசம் அவள் அதோடுதான் இருக்க வேண்டும்.